குட்டிப் பாம்புக்கு எவ்வளவு இரை, எத்தனை நாளுக்கு ஒருமுறை? (பால் பைத்தான், கார்ன் ஸ்னேக்)

#1 ஊசிப்பட்டாசு (சென்னை)

வணக்கம். ரெண்டு குட்டிகளோட தீனி முறை சரியான்னு பார்த்துச் சொல்லுங்க.

பால் பைத்தான் (ball python, பந்து மாதிரி சுருண்டுக்கிற ஆப்பிரிக்க மலைப்பாம்பு), பெண், இன்னைக்கு எடை 142 கிராம். 4 நாளைக்கு ஒருமுறை 10 கிராம் வெள்ளைச் சுண்டெலி. போட்டதும் பிடிச்சிடுது, முழுங்கின பிறகும் தலையை நீட்டிக்கிட்டுத் தேடுது. ஒரு தடவைக்கு ரெண்டா போடுங்கன்னு கடையில சொல்றாங்க.

கார்ன் ஸ்னேக் (விஷமில்லாத அமெரிக்கப் பாம்பு), 19 கிராம். பிங்கி (முடி முளைக்காத சுண்டெலிக் குட்டி) தின்னுக்கிட்டிருந்தது. 6 கிராம் ஃபஸ்ஸிக்கு (முடி முளைச்ச குட்டி) மாத்தினதும் மூணாம் நாள் கக்கிடுச்சு. ரெண்டு நாள் விட்டு ஒரு பிங்கி போட்டா அதையும் கக்கிடுச்சு.

அறை பகல்ல 34 டிகிரி, ராத்திரி 30. அதனால ஹீட் மேட் (சூடேத்துற விரிப்பு) எதுவும் இல்லை. ரெண்டும் தனித்தனி டப்.

கேள்வி: (1) கக்கல் எதனால? (2) பைத்தானுக்கு அளவு என்ன? (3) கால்சியம் பவுடர் தூவணுமா? (4) எலி கிடைக்காத வாரம் கோழி ஈரல் கொடுக்கலாமா? (5) உயிரோட போடுறதா, ஃப்ரோசனா?

#2 எடைத்தட்டு (கோவை)

பைத்தான் காத்திருக்கும், முதலில் கார்ன்.

19 கிராம் பாம்புக்கு 6 கிராம் இரை என்றால் உடம்பில் மூன்றில் ஒரு பங்கு. இந்த வயதில் 10 முதல் 15 சதவீதம் போதும், அதாவது 2 முதல் 3 கிராம். பிங்கியிலிருந்து ஃபஸ்ஸிக்குத் தாவும்போது எடை மட்டும் கூடுவதில்லை. ஃபஸ்ஸிக்கு முடி முளைத்திருக்கும், எலும்பு இறுகியிருக்கும், செரிக்க அதிக நேரம் பிடிக்கும். வயிற்றுச் சாறு உள்ளே இறங்குவதற்குள் இரை அழுக ஆரம்பித்தால் பாம்பு வெளியே தள்ளிவிடும்.

இரண்டாவது காரணம் அறை. கக்கல் என்றதும் எல்லாரும் குளிரைச் சந்தேகிப்பார்கள். சித்திரை, வைகாசியில் சென்னையில் அது எதிர்ப்பக்கம். கார்னுக்குச் சூடான பக்கம் 29 முதல் 31, குளிர்ந்த பக்கம் 23 முதல் 26 இருக்க வேண்டும். உங்கள் டப் முழுக்க 34 என்றால் ஒதுங்க இடமே இல்லை. சூட்டைத் தாங்க முடியாத பாம்பும் கக்கும்.

மூன்றாவது, கக்கி இரண்டே நாளில் மறுபடி போட்டது. கக்கும்போது அமிலம் உணவுக்குழாயை அரித்திருக்கும், உடல் நீர் போயிருக்கும், குடல் நுண்ணுயிர்களும் குலைந்திருக்கும். அது ஆறுவதற்குள் எதைப் போட்டாலும் வெளியே வரும். இப்படியே மூன்று, நான்கு முறை ஓடினால் 19 கிராம் குட்டி பிழைக்காது. அதனால் இன்றிலிருந்து:

- 12 நாள் தண்ணீர் மட்டும். கையில் எடுக்காதீர்கள், எடையும் கடைசி நாளில்தான்.
- 13ஆம் நாள் இரவு 1 முதல் 1.5 கிராம் பிங்கி ஒன்று. முதுகில் பிளேடால் இரண்டு சிறு கீறல் போட்டுவிட்டால் சாறு உள்ளே சீக்கிரம் இறங்கும்.
- அது தங்கினால் 8 நாள் கழித்து அதே அளவு. அடுத்த இரண்டு வேளைக்கு 2 கிராம். நான்கு வேளையும் தங்கிய பிறகுதான் வழக்கமான அளவு.
- எடை 30 கிராம் ஆகும்வரை ஃபஸ்ஸி பக்கம் போகாதீர்கள். முதல் ஃபஸ்ஸியும் 4 கிராமுக்குள் இருக்கட்டும்.

டப்பைத் தரையில் வையுங்கள், மேல் அலமாரிக்கும் தரைக்கும் இரண்டு, மூன்று டிகிரி வித்தியாசம் இருக்கும். ஏசி இருந்தால் 27இல் வைத்து, டப்பின் மூன்றில் ஒரு பங்குக்கு அடியில் ஹீட் மேட்டைத் தெர்மோஸ்டாட்டோடு போடுங்கள். ஏசி இல்லையென்றால் உறைந்த தண்ணீர் பாட்டிலைத் துணியில் சுற்றி டப்புக்கு வெளியே ஒரு ஓரத்தில் ஒட்டி வைக்கலாம். ஈரமண்சட்டியைக் கவிழ்த்து வைக்கும் யோசனை மதுரை, திருச்சியில் எடுபடும். சென்னைக் காற்றில் ஈரம் அதிகம், சட்டி பெரிதாகக் குளிராது, உள்ளே பூஞ்சைதான் பிடிக்கும்.

#3 குறிஞ்சி_வெட்

மேலே சொன்னதோடு மருத்துவப் பக்கம் கொஞ்சம்.

கக்கிய பொருளைப் பாருங்கள். ஓரிரு நாளில், இரை உருக்குலையாமல், ஈரத்தோடு வந்தால் அளவு, வெப்பம், கையாளல் இவற்றில்தான் கோளாறு. நான்கைந்து நாள் கழித்துக் கரைந்து கூழாக, கடும் நாற்றத்தோடு வந்தால் வயிற்றுக்குக் கீழே ஏதோ நடக்கிறது. அதைச் சிறு பாட்டிலில் போட்டு ஃப்ரிட்ஜில் வைத்து (சாப்பாட்டு அடுக்கில் வேண்டாம்) அடுத்த மலத்தோடு சேர்த்துப் பரிசோதனைக்குக் கொடுங்கள். புழு முட்டை, புரோட்டோசோவா இரண்டும் மைக்ராஸ்கோப்பில் தெரியும். தானாகப் புழு மருந்து கொடுக்காதீர்கள். 19 கிராம் உடம்புக்கு மருந்து அளவு ஒரு சொட்டில் தவறிவிடும்.

அளவு, வெப்பம் எல்லாம் சரிசெய்த பிறகும் கக்கிக்கொண்டே இருந்து, உடம்பின் நடுப்பகுதியில் கெட்டியாக ஒரு வீக்கமும் இருந்தால் கிரிப்டோ என்று சந்தேகிக்க வேண்டும். கிரிப்டோஸ்போரிடியம் வயிற்றுச் சுவரைத் தடிக்க வைக்கும். முழுதாகக் குணமாக்கும் நம்பகமான மருந்து கிடையாது, வீட்டு பிளீச்சுக்கும் அது சாகாது. பரிசோதனை முடியும்வரை இரண்டு பாம்புக்கும் இடுக்கி, தண்ணீர்க் கிண்ணம், துணி எல்லாம் தனித்தனி. பைத்தான் வேலையை முடித்துவிட்டுக் கடைசியில் கார்ன். இந்த வரிசையை மாற்றாதீர்கள்.

இந்தக் குட்டிக்குக் கிரிப்டோதான் என்று சொல்லவில்லை. படித்ததை வைத்துப் பார்த்தால் பெரிய இரையும் சூடும்தான்.

#4 எடைத்தட்டு (கோவை)

இனி பைத்தான். 142 கிராமுக்கு 10 முதல் 15 சதவீதம் என்றால் 14 முதல் 21 கிராம், வாரம் ஒருமுறை. இப்போது போவது 4 நாளைக்கு 10 கிராம், வாரக் கணக்கில் 17 சொச்சம். மொத்த அளவில் குறையில்லை, இடைவெளிதான் நெருக்கம். 15 முதல் 18 கிராம் இரை ஒன்றை 7 நாளைக்கு ஒருமுறை கொடுங்கள்.

இடைவெளி ஏன் முக்கியம் என்றால், இந்தப் பாம்புகள் தின்னாத நாளில் செரிமானக் கருவிகளைச் சுருக்கி மடித்து வைத்திருக்கும். இரை உள்ளே போனதும் குடல் தடிக்கும், கல்லீரல், சிறுநீரகம் பெருக்கும். பர்மியப் பைத்தானில் செய்து 2005இல் வெளிவந்த ஆய்வில், இரை விழுங்கிய 48 மணி நேரத்தில் இதயத் தசையே 40 சதவீதம் பெருத்திருந்தது. வேலை முடிந்ததும் எல்லாம் திரும்பச் சுருங்கும். நான்கு நாளைக்கு ஒருமுறை திணித்தால் அந்தச் சுருக்கத்துக்கே நேரம் இல்லை.

தலையை நீட்டித் தேடுவதைப் பசி என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். எலி வாசனை டப்பில் இருக்கும்வரை பால் பைத்தான் அப்படித்தான் நிற்கும். கிடைக்கும்போது விழுங்கு என்பது அதன் இயல்பு, போதும் என்று சொல்லத் தெரியாது. சொல்ல வேண்டியது தராசு.

பால் பைத்தான்:
- 50–100 கிராம்: 8–12 கிராம் இரை, 7 நாள்
- 100–200: 14–22 கிராம், 7 நாள்
- 200–350: 25–35 கிராம், 7–9 நாள்
- 350–500: 35–50 கிராம், 10 நாள்
- 500–1000: 50–70 கிராம், 14 நாள்
- 1000க்கு மேல்: எடையில் 5 சதவீதம், 3–4 வாரம்

கார்ன் ஸ்னேக்:
- 6–15 கிராம்: 1–1.5 கிராம் பிங்கி, 5–6 நாள்
- 15–30: 2–3 கிராம், 6–7 நாள்
- 30–50: 4–6 கிராம் ஃபஸ்ஸி, 7 நாள்
- 50–90: 7–10 கிராம் ஹாப்பர் (கண் திறந்து துள்ளும் சுண்டெலிக் குட்டி), 7–8 நாள்
- 90–170: 12–18 கிராம், 8–10 நாள்
- 170–400: 20–25 கிராம் முழு வளர்ச்சி சுண்டெலி, 10–14 நாள்
- அதற்கு மேல்: 25–35 கிராம், 14 நாள்

எல்லா எடையும் இரை உருகிய பிறகு, ஈரம் துடைத்து எடுத்தது. "உடம்பின் தடிமன் அளவு இரை" என்ற பழைய விதி, தராசு இல்லாதவர்களுக்கு இன்றும் உதவும். இரையின் அகலம் பாம்பின் பருத்த இடத்துக்குச் சமமாகவோ ஒன்றேகால் மடங்காகவோ இருக்கலாம், அதைத் தாண்டக் கூடாது. ஆனால் ஏற்கெனவே கொழுத்த பாம்புக்கு இந்த விதி இன்னும் பெரிய இரையைத்தான் காட்டும்.

தராசு: 200 கிராம்வரை 0.1 கிராம் காட்டும் பாக்கெட் தராசு. மூடி போட்ட டப்பாவை வைத்து ஜீரோ செய்துவிட்டுப் பாம்பை விடுங்கள். வாரம் ஒருமுறை, தீனிக்கு முந்தைய நாள். சட்டை உரித்த வாரமும் மலம் போன வாரமும் எடை இறங்கும், அதைக் கண்டு அடுத்த வேளை கூட்டிப் போடாதீர்கள்.

#5 மார்ஃப்_மன்னன் (பெங்களூர்)

இந்த அட்டவணை ரொம்ப பயந்து போட்டது. பிரீடர்கள் 15–20 சதவீதம், 5 நாளைக்கு ஒருமுறை போடுறாங்க. பெண் 18 மாசத்துல 1500 கிராம் தொடுது. சூடு சரியா இருந்தா எல்லாம் செரிச்சுடும். குட்டிப் பருவத்துல கொடுக்காம அப்புறம் எப்ப கொடுக்கிறது?

#6 குறிஞ்சி_வெட்

செரிக்கும், மறுக்கவில்லை. செரித்தது எங்கே போகிறது என்பதுதான் கேள்வி. எலும்பும் தசையும் ஒரு வேகத்துக்கு மேல் வளராது, மிச்சமெல்லாம் கொழுப்பு. பாம்புக்குக் கொழுப்பு தோலுக்கடியில் மட்டும் சேர்வதில்லை. வயிற்றுக் குழியில் நீளக் கட்டிகளாகச் சேரும், பிறகு கல்லீரலுக்குள் போகும். கொழுப்புக் கல்லீரல் வந்த பாம்பு முதலில் காட்டும் அறிகுறி இரை மறுப்பு. "பைத்தான்தானே, பட்டினி இருக்கும்" என்று எல்லாரும் விட்டுவிடுவார்கள். தெரிய வரும்போது காலம் கடந்திருக்கும்.

18 மாதத்தில் 1500 கிராம் தொட்ட பெண்ணை இனப்பெருக்கத்துக்கு விட்டால் எடை தயார், உடம்பு தயாரில்லை. கொழுத்த பெண்களுக்கு முட்டை தங்கிப்போகும் ஆபத்து கூடுதல். மூன்று வயதாகும்வரை பொறுப்பதில் நஷ்டம் எதுவும் இல்லை.

பார்த்தே கண்டுபிடிக்கலாம். நல்ல உடம்பு குறுக்குவெட்டில் மேலே லேசாகக் குறுகி, பக்கம் உருண்டு இருக்கும். முதுகெலும்பு விரலுக்குத் தட்டும், கண்ணுக்குத் துருத்தாது. மெலிந்தது முக்கோணம், விலா வரிசை தெரியும். கொழுத்தது உருளை: அசையாமல் கிடக்கும்போதும் செதில்களுக்கு நடுவே தோல் தெரியும், வளையும்போது மடிப்பு விழும், கழிவுத்துளை தாண்டியதும் வால் சட்டென்று ஒல்லியாகும்.

#7 மார்ஃப்_மன்னன் (பெங்களூர்)

முட்டை தங்குறது பெரும்பாலும் முட்டையிடும் இடம், வெப்பம் சரியில்லாததால. எல்லாத்தையும் தீனி மேல போட முடியாது. ஆனா வீட்டுல ஒண்ணு ரெண்டு வளர்க்கிறவங்களுக்கு அவ்வளவு வேகம் தேவையில்லைன்றது சரி.

#8 எலிவளை (நாமக்கல்)

கேள்வி 3, 4க்கு.

கால்சியம் பவுடர் வேண்டாம். முழு எலிக்குள்ளேயே எலும்பு, ஈரல், குடல் எல்லாம் இருக்கு, கால்சியம் – பாஸ்பரஸ் கணக்கு அதுலயே சரியா அமையும். வைட்டமின் டி3 கலந்த பவுடரை அதுக்கு மேல தூவினா மென்திசுக்களில் சுண்ணாம்பு படியும். ஒரு விஷயம் மட்டும்: பிங்கிக்கு எலும்பு இன்னும் இறுகல, உடம்புல பெரும்பங்கு தண்ணிதான். அதனாலதான் 60, 70 கிராம் ஆன கார்னுக்கு நாலஞ்சு பிங்கியா போட்டு ஒப்பேத்தக் கூடாது. அந்தந்த எடைக்கு அந்தந்த இரை.

கோழி ஈரல், கறித்துண்டு, கழுத்து எதுவும் வேண்டாம். தனி ஈரல்னா வைட்டமின் ஏ மிதமிஞ்சும், தனிக் கறின்னா கால்சியம் இருக்காது. எலி கிடைக்கலன்னா அந்த வாரம் பட்டினி போடுங்க. ஆரோக்கியமான பாம்புக்கு ஒரு வாரம், பத்து நாள் ஒண்ணுமேயில்ல.

எங்க ஊர்ப் பக்கம் ஹேச்சரியில சேவல் குஞ்சு மலிவா கிடைக்கும், சந்தையில சாயம் ஏத்தி விக்கிறாங்களே அதே குஞ்சு. ஒருநாள் குஞ்சு 35–40 கிராம் இருக்கும், உங்க பைத்தானுக்கு ரொம்பப் பெரிசு. பெரிய பாம்புக்கும் எப்பவாவது ஒண்ணு போதும். தொடர்ந்து கொடுத்தா மலம் தண்ணியா, நாத்தமா போகும். காடைக் குஞ்சு அதைவிட நல்லது, பிறந்த நாள்ல 7–10 கிராம்தான். காட்டுல குட்டிப் பால் பைத்தானும் ஆண்களும் பறவைகளை நிறையப் பிடிக்கும், அதனால மாசம் ஒரு காடைக் குஞ்சு சேர்த்தா தப்பில்லை. சாயம் ஏத்தினது மட்டும் வேண்டவே வேண்டாம்.

இன்னொண்ணு, எலி என்ன தின்னுச்சுன்னு கடையில கேளுங்க. பிரெட்டும் சோறும் மட்டும் தின்ன எலி கொழுப்பு மூட்டை. பெல்லட் தீவனத்தோட கொஞ்சம் தானியம், கீரை தின்ன எலி கெட்டியா இருக்கும். பிரீடிங் முடிஞ்ச கிழட்டு எலியைப் பாம்புத் தீனிக்குத் தள்ளிவிடுறதும் நடக்குது. வயிறு தொங்கி, முடி எண்ணெய் பிசுக்கா இருந்தா வாங்காதீங்க.

#9 தாமிரபரணி_22

நடுவுல ஒரு சந்தேகம். வீட்டுல பொறியில விழுற எலியைப் போடலாமா? அப்புறம் வயல்ல பிடிச்ச சாரைக் குட்டி ஒண்ணு இருக்கு, அதுக்கும் இதே அட்டவணைதானா?

#10 மன்ற நடத்துநர்

சாரைக்கு இங்கே பதில் கிடையாது. நம் நாட்டுப் பாம்பு எதையும் வீட்டில் வைப்பது 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். வனத்துறைக்குத் தகவல் சொல்லி ஒப்படைத்துவிடுங்கள். வெளிநாட்டு இனங்களிலும் பால் பைத்தான் சைட்ஸ் (அருகிவரும் உயிரினங்களின் வணிகம் பற்றிய சர்வதேச ஒப்பந்தம்) இரண்டாம் பட்டியலில் வருவது, எனவே 2024 விதிகளின்படி மத்திய அரசின் பரிவேஷ் தளத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். இதுபற்றித் தனி இழை இருக்கிறது.

பொறி எலி: கூடாது. பக்கத்து வீட்டில் புரோமாடியோலோன் (எலி விஷம்) கட்டி வைத்திருந்தால் எலி அதைத் தின்று நாலைந்து நாள் நடமாடிக்கொண்டுதான் இருக்கும். அந்த விஷம் பாம்புக்குள் போகும். உண்ணி, புழு, லெப்டோ (எலிக்காய்ச்சல் கிருமி) எல்லாம் இலவசம்.

#11 ஊசிப்பட்டாசு (சென்னை)

ரொம்ப நன்றி. கார்னுக்குத் தீனியை நிறுத்திட்டேன், டப் ஏசி அறைக்குத் தரைக்கு வந்தாச்சு. சூடான பக்கம் 30, குளிர்ந்த பக்கம் 26 காட்டுது. அஞ்சாவது கேள்விக்கு யாராவது விரிவா சொல்லுங்க. பைத்தான் இதுவரைக்கும் உயிர் எலிதான். ஃப்ரோசனுக்கு மாத்தினா எப்படி உருக்குறது, மைக்ரோவேவ் ஆகுமா?

#12 வடக்குவாசல் (டொரண்டோ)

தம்பி, மைக்ரோவேவ் வேண்டாம். வெளியில சில்லெண்டு இருக்கும், உள்ளுக்குள்ள ஒரு இடம் வெந்துபோயிருக்கும். சில நேரம் வயிறு வெடிச்சிடும். வெந்த எலும்பு கூராய் முறியும், புரதமும் மாறிப்போகும்.

இஞ்ச கனடாவில எல்லாரும் ஃப்ரோசன்தான். உயிர் எலி திருப்பிக் கடிக்கும். ஒரு வளர்ந்த ராட் (பெரிய எலி), பாம்பின்ர கண்ணையும் முதுகையும் எலும்பு தெரியக் கடிச்சுப்போடும். பாம்புக்குப் பசி இல்லாத நாளில அந்த எலிக்குப் பசிச்சால் பாம்புதான் சாப்பாடு. மாத்திறது நல்லது.

உருக்கிற முறை:

முதல் நாள் இரவே ஃப்ரீசரில இருந்து எடுத்து, மூடின டப்பாவில ஃப்ரிட்ஜின்ர கீழ்த் தட்டில வையுங்கோ. 20 கிராம் சுண்டெலி எட்டு மணித்தியாலத்தில இளகிவிடும். கொடுக்கிறதுக்கு அரை மணித்தியாலம் முந்தி, ஜிப் பையில போட்டு, காற்றை நெரிச்சு வெளியேத்தி, 40 டிகிரித் தண்ணியில அமுக்கி வையுங்கோ. தண்ணி ஆறினால் மாத்த வேணும். பிங்கிக்கு 5 முதல் 10 நிமிசம் காணும். கொதிதண்ணி ஊத்தினால் தோல் கழண்டு வயிறு பிரியும், பிறகு டப் முழுக்க நாத்தம்.

பையுக்கு மேலால வயித்தை ரெண்டு விரலால நசிச்சுப் பாருங்கோ. உள்ளுக்குள்ள கோலிக்குண்டு மாதிரிக் கட்டியாய்த் தட்டினால் இன்னும் உருகேல்லை. நடுவில உறைஞ்ச இரை போனால் அதுவே கக்கலுக்கு வழி. இளகினதும் டிஷ்யூவால தண்ணியை ஒத்தி எடுங்கோ, ஈர எலியில மண், மரத்தூள் ஒட்டி வாய்க்குள்ள போகும்.

பால் பைத்தானுக்கு உதட்டோரம் வெப்பக் குழிகள் இருக்கு, இரையைச் சூட்டாலதான் முதலில காணும். அதால தலைப்பக்கம் மட்டும் திருப்பி ஒரு நிமிசம் சுடுதண்ணியில பிடியுங்கோ. வெப்பமானி துப்பாக்கியால பார்த்தால் தலை 38–40, உடம்பு அதைவிடக் குறைவு. அப்பதான் தலையைக் குறிவைச்சுப் பிடிக்கும். இடுப்பில பிடிச்சால் தலைகீழாய் விழுங்கப் பார்க்கும், கால் மடங்காமல் சிக்கும். கார்னுக்கு அந்தக் குழி இல்லை, வெதுவெதுப்பாய் இருந்தால் சரி, மணம்தான் முக்கியம்.

30 சென்டிமீட்டர் நீள இடுக்கி. எலியின்ர இடுப்புத் தோலில பிடிச்சு, மேலால இறக்காமல் தரையோட ஒரு பக்கத்தால கொண்டுபோங்கோ. மேலால வாறது எதுவும் பாம்புக்குப் பருந்துதான். லேசாய் அசைச்சு நிப்பாட்டுங்கோ. அடிச்சுச் சுத்தினதும் வாலை ரெண்டு தரம் மெல்ல இழுங்கோ, உயிரோட துடிக்கிறமாதிரி அதுக்குப் பிடி இறுகும். லைட்டை அணைச்சிட்டு வெளியில வாங்கோ. எடுக்கேல்லையெண்டால் எலியை ஹைட் (பாம்பு ஒளியிற பெட்டி) வாசலில வைச்சிட்டுக் காலமை பாருங்கோ.

#13 எடைத்தட்டு (கோவை)

அண்ணா சொன்னதில் சென்னைக்காக ஒரு திருத்தம். மறுத்த இரையை ஹைட் வாசலில் வைத்துவிட்டுக் காலையில் பார்ப்பது உங்கள் ஊர்க் குளிருக்குச் சரி. இங்கே மே மாதத்தில் மூன்று மணி நேரத்துக்கு மேல் வேண்டாம், வயிறு ஊதிவிடும். மறுத்ததை மறுபடி உறைய வைக்கவும் கூடாது.

ஃப்ரீசரில் மைனஸ் 18இல், காற்றில்லாத பையில், ஆறு மாதத்துக்குள் தீருமளவுக்கு வாங்குங்கள். மின்வெட்டில் முழுதாக இளகிவிட்டால் அந்தக் கட்டு குப்பைக்குத்தான்.

உறையவைத்தால் கிருமி செத்துவிடும் என்ற நம்பிக்கையும் தவறு, சால்மோனெல்லா ஃப்ரீசரில் சாகாது. அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் ஃப்ரோசன் எலி மூலமாக மனிதர்களுக்குப் பரவிய சம்பவங்கள் பதிவாகியிருக்கின்றன. உருக்கும் பாத்திரம் தனி, சமையல் சிங்க் வேண்டாம், சோப்பால் கை கழுவ வேண்டும். வீட்டில் ஐந்து வயதுக்குக் கீழே குழந்தை இருந்தால் இந்த வேலையின்போது பக்கத்தில் விடாதீர்கள்.

விழுங்கிய பிறகு 48 மணி நேரம் கை வைக்கக் கூடாது. இரண்டு நாள் கழித்தும் வயிற்று மேடு தெரிந்தால், அது மறையும் வரைக்கும். தீனிக்கென்று வேறு டப்புக்கு மாற்றும் பழக்கமும் தேவையில்லை. கொண்டுபோய்த் திரும்பக் கொண்டுவரும்போது நிறைந்த வயிற்றோடு தூக்குகிறோம், கக்கலுக்கு அது போதும்.

#14 மார்ஃப்_மன்னன் (பெங்களூர்)

உயிர் எலி பழகின பைத்தானை மாத்துறதுக்கு: முதல் தடவை 10 நாள் இடைவெளி விடுங்க, கொஞ்சம் ஆர்வம் கூடும். சட்டை உரிச்ச மறுநாள் ராத்திரி நல்ல நேரம். டப்புக்குப் பக்கத்துல இளகின எலியை மூடியில்லாத டப்பாவுல கால் மணி நேரம் வைங்க, வாசனை பரவட்டும். தலை வெளிய நீட்டினதும் இடுக்கியோட போங்க. மறுத்தா அன்னைக்கு விட்டுடுங்க, திரும்பத் திரும்ப மூக்குல இடிச்சா பயந்து ஹைடுக்குள்ள போயிடும். 7 நாள் கழிச்சு மறுபடி. மூணு தடவைக்குள்ள பெரும்பாலும் எடுத்துடும்.

அதோட, 200 கிராம் தாண்டுறதுக்குள்ள சுண்டெலியில இருந்து ராட்டுக்கு மாத்திடுங்க. வளர்ந்த பைத்தானுக்கு 60 கிராம் ஒரே ராட் போதும், இல்லன்னா ஒவ்வொரு தடவையும் ரெண்டு மூணு சுண்டெலி. சுண்டெலி மட்டுமே தின்னு வளர்ந்தது பின்னால ராட்டைப் பெரும்பாலும் தொடாது. ராட் குட்டியைக் கழுவி, சுண்டெலிக் கூண்டுல இருந்து எடுத்த மரத்தூளோட ஒரு பையில போட்டு உருக்குங்க. மூணு நாலு வேளை அப்படி, பிறகு தூளைக் குறைச்சுடலாம்.

#15 தாமிரபரணி_22

சாரையை வனத்துறையில ஒப்படைச்சாச்சு. பொதுவா ஒரு கேள்வி, பாம்புக்குப் பால் ஆகவே ஆகாதா?

#16 குறிஞ்சி_வெட்

ஆகாது. பாலைச் செரிக்கும் ஏற்பாடே அதன் உடம்பில் இல்லை. பாம்பாட்டி நாள்கணக்கில் தண்ணீர் காட்டாமல் வைத்திருப்பதால் தாகத்தில் குடிக்கிறது. குடித்தால் கழிச்சலும் தொற்றும்தான் வரும். முட்டையை மட்டுமே தின்று வாழ்வது முட்டைதின்னிப் பாம்பு போன்றவைதான். கார்னோ பைத்தானோ கோழிமுட்டையில் வளராது.

#17 வடக்குவாசல் (டொரண்டோ)

இஞ்ச ஒரு கேள்வி எனக்கும் கிடக்கு. பால் பைத்தான், ஆண், 1150 கிராம். போன ஐப்பசியில இருந்து ஏழு கிழமை சாப்பாடு இல்லை. எடை 1095க்கு இறங்கினது. வீட்டு ஹீட்டர் ஓடத் தொடங்கினதும் ஈரப்பதம் 25க்கு இறங்குது. சூடான பக்கம் 32, குளிர் பக்கம் 26. வாற குளிர்காலத்தில இப்பிடி வந்தால் என்ன செய்யலாம்?

#18 குறிஞ்சி_வெட்

55 கிராம் என்பது 5 சதவீதத்துக்கும் கீழே. வளர்ந்த ஆண் குளிர்காலத்தில் இரண்டு முதல் ஆறு மாதம்வரை மறுப்பது வழக்கம். 10 சதவீதம் தாண்டினால், அல்லது மூச்சில் சத்தம், வாயில் சளி, முதுகெலும்பு துருத்தல் இதில் ஒன்று தெரிந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள். அதுவரை வாரம்தோறும் இரையைக் காட்டித் தொந்தரவு செய்யாமல் 14 நாளைக்கு ஒருமுறை, வழக்கத்தைவிடச் சிறிய 40 கிராம் ராட் ஒன்றைக் காட்டுங்கள். எடை மாதம் இருமுறை.

முதலில் சரிசெய்ய வேண்டியது ஈரப்பதம். 25இல் உடல்நீர் குறையும், சட்டை துண்டு துண்டாக உரியும், கண்மேல் மூடி தங்கும். வலை மூடியில் முக்கால் பாகத்தை அலுமினியத் தாளால் மூடுங்கள். அடியில் தேங்காய் நார்த்தூள் 7, 8 சென்டிமீட்டர் போட்டு மூலைகளில் தண்ணீர் ஊற்றுங்கள், மேல்பரப்பு உலர்ந்தே இருக்கட்டும். 60க்கு மேல் நின்றால் போதும்.

இந்தக் கணக்கு வளர்ந்ததற்கு மட்டும். 100 கிராமுக்குக் கீழே உள்ள குட்டி நான்கு வாரம் மறுத்தால் குளிர்காலம் என்று சமாதானம் சொல்லக் கூடாது.

#19 எலிவளை (நாமக்கல்)

கார்ட்டர் பாம்பு (மீனும் தின்னுற வெளிநாட்டு வகை) வச்சிருக்கிறவங்க யாராவது இந்த இழையைப் படிச்சா, மீன் தீனிக்கும் ஒரு எச்சரிக்கை. தங்கமீன், கெண்டை வகைகள்ல தயமினேஸ் இருக்கு, வைட்டமின் பி1ஐ அழிச்சிடும். மாசக்கணக்கில அதையே கொடுத்தா பாம்பு தலை நடுங்கி, தன்னைத்தானே முறுக்கிக்கும். உறைய வச்சாலும் அந்த நொதி போகாது. திலாப்பியா, கப்பி பரவாயில்லை. மண்புழு, அப்புறம் பிங்கி சேர்த்துப் பழக்கிட்டா இன்னும் நல்லது.

#20 ஊசிப்பட்டாசு (சென்னை)

நிலவரம்: கார்ன் 12 நாள் பட்டினிக்குப் பிறகு 17.8 கிராம். 1.3 கிராம் பிங்கி, கீறல் போட்டுக் கொடுத்தது தங்கிடுச்சு. ஆறாம் நாள் மலம், பழுப்பா ஒரு கட்டி, கூடவே வெள்ளையா சுண்ணாம்பு மாதிரி. மலப் பரிசோதனையில ஒண்ணும் இல்ல. பைத்தான் ரெண்டாவது தடவையில ஃப்ரோசன் எடுத்துக்கிச்சு, 16 கிராம். இப்ப கார்னுக்குக் கண் நீலமாகுது, நாளன்னைக்கு அடுத்த பிங்கி நாள். கொடுக்கலாமா?

#21 எடைத்தட்டு (கோவை)

வேண்டாம், தள்ளிப் போடுங்கள். கண் மங்கியிருக்கும்போது இரையைத் தவறவிடும், சட்டைக்கடியில் தோல் மிருதுவாக இருக்கும், விழுங்கினாலும் கக்கும் வாய்ப்பு கூடுதல். நீலம் தெளிந்து மூன்று, நான்கு நாளில் உரிக்கும். ஈரப் பாசியோடு ஒரு சிறு டப்பாவை உள்ளே வையுங்கள். வாலின் நுனிவரை முழுதாக உரிந்ததா என்று சட்டையை விரித்துப் பார்த்துவிட்டு, மறுநாள் இரவு அதே 1.3 கிராம். 2 கிராமுக்குப் போவது அதற்கு அடுத்த வேளைதான்.

அந்த வெள்ளைக் கட்டி யூரேட், பாம்பின் சிறுநீர். வெள்ளையாகவோ இளமஞ்சளாகவோ மிருதுவாக இருந்தால் சரி. ஆரஞ்சாகவோ கல் மாதிரி இறுகியோ வந்தால் தண்ணீர் போதவில்லை, கிண்ணத்தை உடம்பு முழுக்க உள்ளே சுருட்டிப் படுக்குமளவுக்குப் பெரிதாக மாற்றுங்கள்.